‘லோ கிளாஸ் ஃபேமிலி’ என்று ஏன் சொல்லக் கூடாது? சமூக நிலையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள்

சேலத்தில் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம், உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். பலர் ‘ஐ ஆம் ஃப்ரம் எ லோ கிளாஸ் ஃபேமிலி’ என்று தொடங்குவார்கள். அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறவராக இருப்பார். அம்மா சிவதாபுரத்தில் கொலுசு பற்றவைக்கிறவராக இருப்பார். நாங்கள் கஷ்டப்பட்டு மேலே வந்தோம் என்று சொல்லத்தான் அந்தப் பிள்ளை நினைக்கிறது. ஆனால் ஆங்கிலம் பழகிய காதுக்கு அந்தத் தொடர் ‘நாங்கள் தரங்கெட்ட குடும்பம்’ என்று கேட்கிறது. ‘லோ கிளாஸ்’ என்பது ஆங்கிலத்தில் வருமானத்தைக் குறிக்கும் சொல் அல்ல. ஒருவருடைய நடத்தையையும் ரசனையையும் இழிவாகச் சொல்லும் வசவு அது.

இலக்கணத்தில் அந்த வாக்கியத்தில் எந்தக் குறையும் இல்லை. ‘லோ’, ‘கிளாஸ்’, ‘ஃபேமிலி’ மூன்றுமே ஒன்றாம் வகுப்புச் சொற்கள். அப்படியானால் கோளாறு எங்கே? இதைக் கேட்டதும் நம் ஊரில் இரண்டு பதில்கள் வரும். பையனுக்குச் சொல்வளம் போதாது என்பார்கள், அல்லது தமிழ் மீடியம், அப்படித்தான் இருக்கும் என்பார்கள். இரண்டுமே தவறு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். கடினமான ஆயிரம் சொற்களை மனப்பாடம் செய்தாலும் இது சரியாகாது. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். சமூக நிலையைப் பேசும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தப்பு நேர்ந்தால் மனம் புண்படுகிற இடம் அதுதான்.

தமிழில் நாம் யோசிக்காமல் செய்வது

வெயில் அடிக்கிறது என்கிறோம், மழை பெய்கிறது என்கிறோம். ஏற்காட்டில் பனி இறங்குகிறது என்கிறோம். வெயில் பெய்கிறது என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. பல்லை விளக்குகிறோம், முகத்தைக் கழுவுகிறோம், துணியைத் துவைக்கிறோம். எல்லாமே அழுக்கைப் போக்கும் வேலைதான். ஆனாலும் ‘பல்லைத் துவைத்தேன்’ என்றால் வீடே சிரிக்கும். இதற்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் விதி சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்தது.

சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிட்டவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். அது ஒரு செட். அதே தட்டுவடைக்கு நடுவே உப்புமாவை வைத்தால் சாப்பிட முடியாதென்று இல்லை. வயிறு நிறையும். ஆனால் தள்ளுவண்டிக்காரர் அதைச் செட் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இதுதான் சேரும் என்று ஊர் பழகிவிட்டது.

இப்படி ஒரு மொழியைப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சேர்த்துச் சொல்லும் சொற்களின் கூட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கொலோகேஷன்’ என்று பெயர். இங்கே அதைச் சொற்சேர்க்கை என்று சொல்லிக்கொள்வோம். இந்தக் கருத்தை மொழியியலுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது நமக்குக் கூடுதல் சந்தோஷம். ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதை வைத்து அறிந்துகொள்ளலாம் என்று 1957இல் அவர் எழுதியதை மொழியியல் மாணவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய மாணவர் ஹாலிடே காட்டிய உதாரணமும் பிரபலம்: டீ என்றால் ‘ஸ்ட்ராங்’, கார் என்றால் ‘பவர்ஃபுல்’. இரண்டுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஆனாலும் ‘பவர்ஃபுல் டீ’ என்று யாரும் கேட்பதில்லை.

சுருக்கமாக, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சொல்லின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, அதன் கூட்டாளி யார் என்பதும் தெரிய வேண்டும். அந்தக் கூட்டணியைப் பழக்கம்தான் முடிவு செய்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

நாம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து அடுக்குவதில்லை. அதற்கு நேரமே கிடையாது. அடிக்கடி கேட்ட சொற்கூட்டங்கள் மூளையில் முழுத் துண்டாகவே இருக்கின்றன. ‘கை நிறைய’ என்று தொடங்கினாலே ‘சம்பளம்’ தானாக வந்து நிற்கும். கேட்கிறவருக்கும் அப்படித்தான். துண்டு பழகினதாக இருந்தால் அவர் கவனம் நாம் சொல்லும் விஷயத்தில் இருக்கும். பழகாத துண்டாக இருந்தால் கவனம் நம் மொழியின் மேல் போய்விடும். நேர்முகத் தேர்வில் அது நமக்கு நல்லதல்ல.

எது பழகிய துண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முன்பெல்லாம் அகராதி எழுதுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைத்தான் நம்பினார்கள். கணினி வந்ததும் செய்தித்தாள், கடிதம், கதை, பேச்சு எல்லாவற்றையும் லட்சக்கணக்கான சொற்களாகத் திரட்டி வைத்துத் தேடத் தொடங்கினார்கள். அந்தத் திரட்டுக்குத் தரவகம் என்று பெயர். பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தில் மட்டும் 10 கோடிச் சொற்கள் இருக்கின்றன. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் என்பவர் 1980இல் தொடங்கிய வேலையிலிருந்து, முழுக்கத் தரவகத்தை வைத்தே எழுதப்பட்ட ஆங்கில அகராதி 1987இல் வந்தது. இரண்டு சொற்கள் தற்செயலாகச் சேர வாய்ப்புள்ளதைவிட எத்தனை மடங்கு அதிகமாகச் சேர்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் இதன் அடிப்படை.

இந்த எண்ணிக்கையில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. சில சொற்கள் எப்போதும் கெட்ட கூட்டாளிகளோடே சேர்கின்றன. ‘காஸ்’ என்ற வினைச்சொல்லுக்கு உண்டாக்குதல் என்று பொருள். ஆனால் அதன் பின்னால் வருவதோ சேதம், பிரச்சினை, வலி, மரணம். நல்லதைக் கொடுப்பதற்கு ‘ப்ரொவைட்’ வந்துவிடுகிறது. இப்படிக் கூட்டாளிகளின் குணம் ஒரு சொல்லின் மேல் படிந்துபோவதை ‘செமான்டிக் ப்ரோசடி’ என்கிறார்கள். நமக்குச் சாயல் என்ற சொல் போதும். அகராதியில் பொருள் இருக்கும், சாயல் பெரும்பாலும் இருக்காது.

சமூக நிலையைச் சொல்லும் ஆங்கிலத்தில் இந்தச் சாயல் எல்லா இடத்திலும் இருக்கிறது. ‘லோ’ என்ற சொல் தனியாகக் கெட்டதல்ல. ‘லோ இன்கம் ஃபேமிலி’ என்று அரசு அறிக்கைகளே எழுதுகின்றன. குறைந்த வருமானம், அவ்வளவுதான், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. அதே ‘லோ’ ‘கிளாஸ்’ உடன் சேர்ந்த உடனே வசவாகிவிடுகிறது. குற்றம் எந்தத் தனிச்சொல்லிலும் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது.

பணம் வேறு, மதிப்பு வேறு

ஊரில் ‘கிளாஸ்’, ‘ஸ்டேட்டஸ்’ இரண்டையும் ஒன்றாகவே போட்டுப் பேசுகிறோம். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஒருவருக்குச் சந்தையில் என்ன பொருளாதார பலம் இருக்கிறது என்பது ஒன்று. அவருக்கு ஊரார் என்ன மரியாதை கொடுக்கிறார்கள் என்பது இன்னொன்று. கடனில் இருக்கும் கோயில் பூசாரிக்கு மரியாதை இருக்கும், பணம் இருக்காது. வட்டிக்கு விடுகிறவருக்குப் பணம் இருக்கும், மரியாதை இருக்குமா என்பது ஊரைப் பொறுத்தது. ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையை ஒட்டியே நடக்கின்றன.

‘கிளாஸ்’ என்றால் முன்னால் வருவது ‘அப்பர்’, ‘மிடில்’, ‘லோயர்’, ‘வொர்க்கிங்’. ‘ஸ்டேட்டஸ்’ என்றால் ‘ஹை’ அல்லது ‘லோ’. ‘அப்பர் ஸ்டேட்டஸ்’ என்று சேராது. ‘ஹை கிளாஸ்’ சேரும், ஆனால் அது ஓட்டலுக்கும் உணவுக்கும் தரம் சொல்வதற்கு, குடும்பத்தை அறிமுகப்படுத்த அல்ல. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற வசதியான பகுதியை ‘அஃப்ளுவென்ட் நெய்பர்ஹுட்’ எனலாம். அங்கே வசிக்கிற குடும்பத்தை ‘வெல்தி ஃபேமிலி’, ‘வெல்-ஆஃப் ஃபேமிலி’, ‘வெல்-டு-டூ ஃபேமிலி’ எனலாம். ‘அப்பர் கிளாஸ்’ என்று சொல்லாமல் இருப்பது நல்லது. பிரிட்டனில் அந்தச் சொல் தலைமுறை தலைமுறையாகப் பட்டமும் நிலமும் உள்ள பிரபுக் குடும்பங்களைக் குறிக்கும். நூற்பாலை வைத்துப் பணக்காரரானவர் அங்கே எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் ‘அப்பர் கிளாஸ்’ ஆவதில்லை.

‘மிடில் கிளாஸ்’ இன்னும் வழுக்கும். நம் ஊரில் மிடில் கிளாஸ் என்றால் மாசக் கடைசியில் கையைப் பிசைகிற குடும்பம். பிரிட்டனில் அது டாக்டர், வக்கீல், பேராசிரியர் என்று படிப்பும் சொந்த வீடும் உள்ள வசதியானவர்கள். அதனால் அங்கே போய் ‘வி ஆர் மிடில் கிளாஸ், ஸோ வி ஸ்ட்ரகிள்ட்’ என்றால் கேட்கிறவருக்கு அந்த ‘ஸோ’ புரியவே புரியாது. உழைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு ‘வொர்க்கிங் கிளாஸ் ஃபேமிலி’ என்ற நல்ல சொற்சேர்க்கை தயாராக இருக்கிறது. தொழிற்சங்கக்காரர்களும் எழுத்தாளர்களும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சொல் அது. நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அப்புறம் ‘பேக்ரவுண்ட்’. இது நமக்கு மிக உதவும் சொல், ஏனென்றால் ஆளைச் சொல்லாமல் அவர் வந்த சூழலை மட்டும் சொல்கிறது. ‘மாடெஸ்ட் பேக்ரவுண்ட்’ என்றால் எளிய குடும்பம். ‘டிஸட்வான்டேஜ்ட் பேக்ரவுண்ட்’ என்றால் வாய்ப்புகள் மறுக்கப்பட்ட சூழல். ‘ப்ரிவிலேஜ்ட் பேக்ரவுண்ட்’ அதற்கு எதிர்ப்பக்கம். இவற்றோடு சேரும் வினைச்சொல் ‘கம் ஃப்ரம்’. ‘ஹம்பிள் பிகினிங்ஸ்’ என்று ஒன்று உண்டு, எப்போதும் பன்மையில்தான் வரும். ஆனால் அது உயர்ந்துவிட்ட ஒருவரின் தொடக்கத்தைத் திரும்பிப் பார்த்துச் சொல்வது. இருபத்தொரு வயதில் முதல் வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ‘மாடெஸ்ட்’ பொருந்தும், ‘ஹம்பிள் பிகினிங்ஸ்’ கொஞ்சம் அவசரம்.

இதை நினைவில் வைக்க ஒரு வழி: பணத்தைச் சொல்ல ‘இன்கம்’, சூழலைச் சொல்ல ‘பேக்ரவுண்ட்’, ஊர் மரியாதையைச் சொல்ல ‘ஸ்டேட்டஸ்’ அல்லது ‘ஸ்டேண்டிங்’. ‘கிளாஸ்’ வேண்டுமென்றால் ‘வொர்க்கிங்’, ‘மிடில்’ இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

‘தந்தையின் தொழில்’ என்ற கட்டம்

பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை இந்தக் கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் ‘கூலி’ என்று எழுதுவது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். அலுவலகத்தில் தரும் சான்றிதழிலேயே அப்படி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சான்றிதழைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையும் ‘மை ஃபாதர் இஸ் எ கூலி’ என்று எழுதப் பழகிவிடுகிறது.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அதில் கேவலம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அது ஊதியத்தை விட்டுவிட்டு ஆளின் மேல் ஏறிவிட்டது. அதன் வரலாறு கசப்பானது. அடிமை முறையைப் பிரிட்டன் ஒழித்ததும், 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை மொரிஷியஸுக்கும், பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேற்றினார்கள். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அந்தத் தேசங்களில் ‘கூலி’ என்பது தொழிலின் பெயராக நிற்கவில்லை, இந்தியர் எல்லோரையும் இழிவாகக் கூப்பிடும் பெயராகிவிட்டது. பாரிஸ்டர் படித்துவிட்டுப் போன காந்தியையே தென்னாப்பிரிக்காவில் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். இன்றும் அங்கே அது வாயில் வரக் கூடாத சொல்.

சேர்வராயன் மலைக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு எஸ்டேட்டுகள் பெருகின. துரை, கங்காணி, கூலி என்ற படிநிலையும் தோட்டத்தோடு சேர்ந்து வளர்ந்தது. காப்பிப் பழம் பறிக்கிற ஒருவரின் பேத்தி இன்று கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்தப் படிநிலையின் கடைசிப் பெயரைத் தன் கையால் எழுத வேண்டிய அவசியமே இல்லை.

தினக்கூலிக்குப் போகிறவர் ‘டெய்லி வேஜ் வொர்க்கர்’. தோட்டத்தில் என்றால் ‘எஸ்டேட் வொர்க்கர்’ அல்லது ‘பிளான்டேஷன் வொர்க்கர்’. கட்டட வேலை என்றால் ‘கன்ஸ்ட்ரக்ஷன் வொர்க்கர்’. வீட்டு வேலை செய்கிறவர் ‘சர்வன்ட்’ அல்ல, ‘டொமஸ்டிக் வொர்க்கர்’. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அரசே மாற்றிச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் மட்டும் ‘ஸ்வீப்பர்’ எதற்கு? ‘சானிடேஷன் வொர்க்கர்’ என்று எழுதலாம். இதெல்லாம் பூசி மெழுகுவதல்ல. இவைதான் அந்த வேலைகளுக்கு இன்றைய ஆங்கிலத்தில் வழங்கும் சரியான பெயர்கள்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது அம்மாக்களின் கட்டம். செவ்வாய்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் எத்தனையோ வீடுகளில் சமையலுக்கும் துவையலுக்கும் நடுவே அம்மா உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருப்பார். எடைக்கோ ஜோடிக்கோ இவ்வளவு என்று கணக்கு. அந்தப் பணத்தில் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கும். படிவத்தில் ‘ஹவுஸ்வைஃப்’ என்று போட்டுவிடுகிறோம். வீட்டில் இருந்தபடி இப்படி உழைப்பவர்களுக்கு ‘ஹோம் பேஸ்ட் வொர்க்கர்’ என்று பெயர் இருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென்று தனி உடன்படிக்கையே கொண்டுவந்தது. ‘மை மதர் மேக்ஸ் சில்வர் ஆங்க்லெட்ஸ் அட் ஹோம்’ என்று நேராகச் சொன்னாலும் போதும்.

ஏறுவது, இறங்குவது

நிலை மாறுவதைச் சொல்லும் வினைச்சொற்களில்தான் சாயல் மிகவும் கூர்மையாக இருக்கும். கீழே தொடங்கி உழைத்து மேலே வந்தவரைப் பாராட்ட நினைத்து ‘ஹி இஸ் எ சோஷியல் க்ளைம்பர்’ என்றால் நிலைமை கெட்டது. பெரிய மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு தன்னை உயர்த்திக்கொள்ளப் பார்ப்பவர் என்று அதற்கு அர்த்தம். ஸ்டீல் பிளான்ட்டில் தொழிலாளியாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வுபெற்றவரை ‘ஹி ரோஸ் த்ரூ த ரேங்க்ஸ்’ என்று சொல்லுங்கள், அது பாராட்டு. சொந்தமாகத் தொழில் தொடங்கி நின்றவர் ‘செல்ஃப்-மேட்’. குடும்பங்கள் பொதுவாக ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நகர்வதைச் சமூகவியலாளர்கள் ‘சோஷியல் மொபிலிட்டி’ என்பார்கள். இதில் பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை.

வாழ்ந்து கெட்ட குடும்பம் என்று நாம் சொல்வதை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் போட்டால் ஒழுக்கம் கெட்ட குடும்பம் என்றாகிவிடும். ‘த ஃபேமிலி ஹேஸ் ஃபாலன் ஆன் ஹார்ட் டைம்ஸ்’ என்பதுதான் சரி. அதில் குற்றம் காலத்தின் மேல் போகிறது, குடும்பத்தின் மேல் அல்ல. தமிழில் அந்தத் தொடரைச் சொல்லும்போது நம் குரலில் வரும் இரக்கம் அதிலும் இருக்கிறது.

‘கம் இன்டு மணி’ என்பதைப் பணம் சம்பாதித்தார் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பரம்பரைச் சொத்தோ உயிலோ வழியாகப் பணம் வந்து சேர்ந்தது என்பதே பொருள். உழைத்துச் சேர்த்தால் ‘மேட் மணி’. வெள்ளிக்குப் பேர்போன ஊரில் ‘சில்வர் ஸ்பூன்’ பற்றியும் சொல்ல வேண்டும். ‘பார்ன் வித் எ சில்வர் ஸ்பூன் இன் ஹிஸ் மவுத்’ என்றால் பிறக்கும்போதே வசதியோடு பிறந்தவன். ஒருவரைப் பற்றி அவர் முன்னால் சொல்லக் கூடாது, நீ பட்டுத் தெரிந்துகொண்டதில்லை என்ற குத்தல் அதில் எப்போதும் உண்டு. பக்கத்து வீட்டைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வதற்கு ‘கீப்பிங் அப் வித் த ஜோன்சஸ்’ என்பார்கள். 1913இல் தொடங்கிய ஓர் அமெரிக்கச் சித்திரத் தொடரிலிருந்து பரவியது அது.

அரசு ஆங்கிலம் தனி

இதுவரை சொன்னதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. நம் சட்டத்திலும் சான்றிதழிலும் உள்ள ஆங்கிலச் சேர்க்கைகள் வேறு வேலை செய்கின்றன. ‘பேக்வர்ட் கிளாஸ்’ என்பதைப் பொது ஆங்கிலத்தில் படித்தால் இழிவாகத்தான் தெரியும். அரசியலமைப்பில் அது ஓர் உரிமையின் பெயர். சென்னை மாகாணத்தில் இடஒதுக்கீட்டை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்குக்குப் பிறகு, 1951இல் முதல் திருத்தத்தின் வழியே 15(4) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய ‘கிளாசஸ்’ என்று அது சொல்கிறது. இங்கே ‘கிளாஸ்’ என்றால் பொருளாதார வர்க்கம் அல்ல, குடிமக்களின் ஒரு தொகுதி. பி.சி. சான்றிதழ் வைத்திருப்பவர் ஏழையாக இருந்தே ஆக வேண்டும் என்று சிலர் வாதாடுவது இந்த இரண்டு ‘கிளாஸை’யும் குழப்பிக்கொள்வதால்தான்.

‘கிரீமி லேயர்’ அப்படி இன்னொன்று. பிற்படுத்தப்பட்டோரில் வசதியில் மேலே போய்விட்டவர்களைக் குறிக்கும் நீதிமன்றச் சொல். பிற்படுத்தப்பட்டோருக்கான (ஓ.பி.சி.) மத்திய அரசு ஒதுக்கீட்டைப் பற்றிய மண்டல் வழக்கில் 1992இல் தீர்ப்பு வந்த பிறகு, அந்த ஒதுக்கீட்டில் நடைமுறைக்கு வந்தது. இதன் வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். தமிழ்நாடு அரசின் ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் கிடையாது. வெளிநாட்டில் இந்தச் சேர்க்கையைச் சொன்னால் யாருக்கும் புரியாது.

ஆகவே வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும்போது ‘ஐ ஆம் பேக்வர்ட்’ என்று எழுதவே வேண்டாம். அரசு இப்படி வகைப்படுத்தியிருக்கிறது என்பதைச் சேர்த்து, ‘மை கம்யூனிட்டி இஸ் கிளாசிஃபைட் அஸ் எ பேக்வர்ட் கிளாஸ்’ என்று எழுதலாம். சேர்வராயன் மலையின் பழங்குடியினரான மலையாளி சமூகப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல். ‘ஐ ஆம் எ மலையாளி’ என்றால் எல்லோரும் கேரளம் என்று நினைப்பார்கள். ‘மலையாளி ட்ரைப் ஆஃப் த ஷெவராய் ஹில்ஸ்’ என்று மலையின் பெயரையும் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும்.

முதல் பட்டதாரி சான்றிதழில் ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட்’ என்று இருக்கும். வெளியே அதைச் சொன்னால் முதல் ரேங்க் வாங்கியவர் என்று நினைத்துவிடுவார்கள். ‘ஃபர்ஸ்ட் ஜெனரேஷன் கிராஜுவேட்’ என்பதே உலக வழக்கு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இதைத் தனியாகக் கேட்டுக் கவனிக்கின்றன. கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள்.

சில சில்லறைச் சொற்கள்

நம் பேச்சில் ‘லோக்கல்’ என்றால் மட்டம். ஆங்கிலத்தில் அது உள்ளூர் மட்டுமே. ‘லோக்கல் பீப்பிள்’ என்று மரியாதையாகவே சொல்வார்கள். ‘டீசன்ட் ஃபேமிலி’ என்றால் வசதியானவர்கள் என்று நினைக்கிறோம், அங்கே அது நேர்மையானவர்கள். ‘டீசன்ட் சாலரி’ என்றால் பரவாயில்லாத சம்பளம், பெரிய சம்பளம் அல்ல. ‘பாஷ்’ என்பதை ஏரியாவுக்குச் சொல்லலாம். ஒரு மனிதரைச் சொன்னால் லேசான கேலி கலந்துவிடும்.

எப்படிப் பழகுவது

நோட்டில் தனிச்சொல்லாகக் குறிக்காதீர்கள். ‘ஸ்டேட்டஸ் - அந்தஸ்து’ என்று எழுதி வைத்தால் பயனில்லை. ‘கெயின் ஸ்டேட்டஸ்’, ‘லூஸ் ஸ்டேட்டஸ்’, ‘என்ஜாய் ஹை ஸ்டேட்டஸ்’ என்று துண்டாகவே எழுதுங்கள். பக்கத்தில் பாராட்டு, ஏச்சு, இரண்டும் இல்லை என்று சாயலையும் ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சொற்சேர்க்கை அகராதிகள் இருக்கின்றன, கற்பவர்களுக்கான பெரிய ஆங்கில அகராதிகள் பல இணையத்தில் இலவசம். அவற்றில் ஒரு சொல்லின் கீழே ‘டிஸ்அப்ரூவிங்’ அல்லது ‘அஃபென்ஸிவ்’ என்று சிறிய எழுத்தில் குறிப்பு இருந்தால் அதுதான் சாயல், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

சரி, தொடக்கத்தில் பார்த்த அந்த அறிமுகத்தை இப்போது எப்படிச் சொல்லலாம்? ‘ஐ கம் ஃப்ரம் எ வொர்க்கிங் கிளாஸ் ஃபேமிலி இன் சேலம். மை ஃபாதர் இஸ் எ ஹேண்ட்லூம் வீவர். ஐ ஆம் எ ஃபர்ஸ்ட் ஜெனரேஷன் கிராஜுவேட்.’ மூன்றே வாக்கியம், எல்லாமே தயார்த் துண்டுகள். இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் அடுத்து அந்தத் தறியைப் பற்றித்தான் கேட்பார். பாவுக்கு ‘வார்ப்’, ஊடைக்கு ‘வெஃப்ட்’, நாடாவுக்கு ‘ஷட்டில்’. இந்த மூன்றையும் அப்பாவிடம் தறியில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.